ஒரு கணம் முன்னால் சிரித்தவள்

மார்லீஸ் கிரெட்ஷ்மருக்குப் பதினாறு வயதிலேயே காது போகத் தொடங்கிவிட்டது. முப்பது வயதாகும்போது முக்கால்வாசி போயிருந்தது. லைப்சிக் நகரத்தின் கால்வாய்க் கரையில் இருந்த நெசவாலையில் அவள் பொறுப்பில் பன்னிரண்டு தறிகள். அதே கூரையின் கீழ் இன்னும் முந்நூறு தறிகள் ஓடின. அந்த இரைச்சலில் கத்திப் பயனில்லை என்பதை அவள் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொண்டாள். அங்கே வேலை செய்த பெண்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. உதட்டை அகல விரித்து, பல்லைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தையும் முகத்திலேயே எழுதிக் காட்டுவார்கள். நான்கு தறிக்கு அப்பால் நிற்கிறவளிடம் மாமியார் செய்த அநியாயத்தை ஒரு சத்தமும் இல்லாமல் சொல்லி முடித்துவிடலாம். பதில் வசவையும் வாங்கிக்கொள்ளலாம். மேஸ்திரியைப் பற்றி அவர் கண்ணெதிரிலேயே பேசினார்கள், மேஸ்திரிக்குத் தெரியாது.

நாட்டை இரண்டாகப் பிரித்திருந்த சுவர் விழுந்து இரண்டு வருஷத்துக்குள் ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். வேலை தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் குனிந்துகொண்டே ஏதோ கேட்டார். முகம் தெரியாததால் அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி தப்பாகச் சொன்னாள். அவர் பக்கத்து மேசைப் பெண்ணிடம் திரும்பி, "இது கொஞ்சம் மந்தம் போல" என்றார். காதில் விழாது என்று நினைத்திருப்பார். காதில் விழவும் இல்லை. ஆனால் உதட்டில் அச்சடித்தது போல் தெரிந்தது.

அன்றிலிருந்து காது கேளாததை அவள் யாரிடமும் சொல்வதில்லை. அந்த வருஷமே அவள் கணவன் லோட்டார் கார் ஆலை வேலைக்கென்று மேற்கே ஸ்டுட்கார்ட்டுக்குப் போனான், போன இடத்தில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அவனிடம்கூட அவள் முழுதாகச் சொன்னதில்லை. ஒன்பது வருஷம் அங்கும் இங்குமாகச் சில்லறை வேலை பார்த்த பிறகு ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டில் கேக் தட்டுகளுக்கு மாவு பரப்பும் வேலை கிடைத்தது. பத்தொன்பது வருஷமாக அங்கேதான். காலை இடைவேளையில் சக வேலைக்காரிகள் காபியைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும்போது அவளும் சிரிப்பாள். எல்லோரும் தலையசைத்தால் தலையசைப்பாள். காது மருத்துவர் தந்த கருவி ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. போட்டுக்கொண்டால் தட்டும் கரண்டியும் கத்தி போலக் குத்தின, மனிதர் பேச்சு மட்டும் அப்போதும் குழப்பமாகவே இருந்தது. பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்த வீட்டில் யாரோ அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருக்கும். வானொலியை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

பெந்தெகொஸ்து வார இறுதியில் லைப்சிக் முழுக்கக் கறுப்பாகிவிடும். உலகெங்கிலும் இருந்து கறுப்பு உடுத்தியவர்கள் வந்து நான்கு நாள் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள். டிராமில் கொம்பு வைத்த தொப்பிக்காரர்கள் வயசான அம்மாக்களுக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள். மார்லீஸ் அந்த நான்கு நாளுக்குத் தன் சின்ன அறையை வாடகைக்கு விடுவாள். பதினோரு வருஷமாக வருவது ஒரே ஜோடிதான், பிரேமன் ஊர்க்காரர்கள். விப்கே பல்செட் செய்கிறவள், வாயாடி. அவள் கணவன் ஐலர்ட் வரி அலுவலகத்தில் குமாஸ்தா, நெஞ்சு வரை தாடி. இரண்டாவது வருஷமே மூன்று பேரும் முட்டை மது ஆளுக்கொரு கிண்ணம் குடித்து "நீங்க"வை விட்டு "நீ"க்கு வந்திருந்தார்கள். விப்கேயின் பேச்சு மார்லீசுக்கு நன்றாகப் புரியும், வாயை அவ்வளவு பெரிதாகத் திறந்து பேசுவாள். ஐலர்ட் பேச்சு வேறு. தாடிக்குள்ளிருந்து வருகிற வார்த்தையை எந்த நெசவுக்காரியாலும் படிக்க முடியாது. அவன் ராத்திரி சாப்பாட்டில் நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான், மார்லீஸ் விப்கேயின் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தால் சிரிப்பாள்.

அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஐலர்ட் உதவி செய்கிறேன் என்று மார்லீசின் தோட்டத் துண்டில் உரமண் மூட்டையைத் தூக்கினான். முதுகு பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை அவன் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தான், கால்கள் இரண்டும் நாற்காலி மேல். மத்தியானம் நான்கு மணிக்கு 'விதவைகள் ஆலை' என்ற குழுவின் நிகழ்ச்சிக்கு அவர்களிடம் இரண்டு டிக்கெட் இருந்தது. சாவையும் துரோகத்தையும் பியானோ வைத்துச் சிரிக்கச் சிரிக்கப் பாடுகிற, இருட்டுக் கேபரே என்று இவர்கள் சொல்லும் வகை. விப்கே அதற்காகத்தான் பிரேமனிலிருந்து வந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இவன் தரையிலயே கிடக்கட்டும். நீ என்கூட வா" என்றாள்.

"நானா? எனக்குப் பாட்டே பிடிக்காதே."

"பிடிக்கலன்னா தூங்கு. பெஞ்சு அகலமாத்தான் இருக்கும்."

"உடுத்திக்க ஒண்ணும் இல்ல."

"சாவு வீட்டுக்குப் போட்டுட்டுப் போற சட்டை ஒண்ணு இல்லாமயா இருக்கும்?"

"இருக்கு. லோட்டாரோட அம்மா போனப்ப எடுத்தது."

"அப்புறம் என்ன. அங்க அதைப் பார்த்துப் பொறாமைப்படுவாங்க."

தரையில் கிடந்த ஐலர்டும் ஏதோ சொன்னான். மார்லீஸ் தலையசைத்து வைத்தாள். அது சம்மதம் ஆகிவிட்டது.

நிகழ்ச்சி நடந்தது பிளாக்விட்ஸ் பகுதியில், ஒரு பழைய ஆலைக் கூடத்தில். அவள் வேலை செய்த ஆலை இல்லை, இரும்பு வார்க்கும் ஆலை. கூரை முழுக்கக் கண்ணாடி. ஜூன் மாத வெயில் அப்படியே உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நானூறு பேர் இருப்பார்கள். தரையைப் பெருக்கும் பாவாடைகள், வலைத்திரை போட்ட தொப்பிகள், வெயிலுக்குக் கறுப்புக் குடைகள். வேர்வையில் முகப்பூச்சு கரைந்து வழிய, எல்லோரும் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் போல மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மார்லீசின் சட்டைக் கழுத்தைத் தொட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டாள். மார்லீசுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. விப்கே அவளை மூன்றாவது வரிசையில் நடுவில் இழுத்து உட்காரவைத்தாள்.

மேடையில் ஒரு பியானோ, ஒரு முரசு, டபுள் பாஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியம், ஓர் அக்கார்டியன். ஒரு மனிதர் மரம் அறுக்கிற ரம்பத்தை முழங்காலில் வளைத்து வைத்து அதன் மேல் வில்லை ஓட்டினார். மார்லீசுக்கு ரம்பம் கேட்கவில்லை. ஆனால் பாஸ் தொடங்கியதும் பெஞ்சுப் பலகை வழியாக அது அவள் முதுகெலும்பில் ஏறியது. அவள் திடுக்கிட்டு விப்கேயைப் பார்த்தாள். விப்கே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பாடகி வந்தாள். பெயர் ஒட்டிலி. ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, ஆம்பிளைக் கோட்டுக்குக் கீழே கிழிந்த உள்பாவாடை. முகம் முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை, அதில் உதடு மட்டும் கன்னங்கரேலென்று வரைந்திருந்தது. அவள் பியானோவில் ஒரு கையை ஊன்றி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

"என் புருஷனைப் புதைச்ச அன்னிக்கு வெயில் நல்லா அடிச்சுது. அதனால துணியும் காயப் போட்டேன்."

மார்லீசுக்கு, வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதியது போல, ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. ஒட்டிலி மெய்யெழுத்துகளைப் பல்லில் வைத்துக் கடித்துத் துப்பினாள், உயிரெழுத்துகளுக்குத் தாடை தொங்கும் வரை திறந்தாள். இருபத்தெட்டு வருஷமாக இப்படி ஒரு வாயை மார்லீஸ் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரும் வார்த்தையை மென்று முழுங்குகிறவர்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்கள்கூட உதட்டைச் சிக்கனமாகத்தான் அசைப்பார்கள். இவளோ நான்கு தறிக்கு அப்பால் நிற்கிறவளுக்குச் சொல்வது போலப் பாடினாள். பாஸ் முதுகில் தாளம் போட, முரசு பாதத்தில் இடிக்க, நடுவே அந்தக் கறுப்பு வாய். இது மூன்றும் சேர்ந்ததுதான் பாட்டு என்று அவளுக்குப் புரிந்தபோது கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை, துடைத்தால் ஒரு வார்த்தை தப்பிப் போகும்.

பாட்டில் அந்த விதவை வரிசையாகத் துணியை உலர்த்துகிறாள். புருஷனின் சட்டை, காலுறை, கடைசியில் புருஷனின் சிநேகிதியின் உள்பாவாடை. அந்த வரியை ஒட்டிலி இழுத்து இழுத்துப் பாடினாள். குரல் கடைசிச் சொல்லை எட்டுவதற்கு முன்பே உதடு அதற்குக் குவிந்துவிட்டது. மார்லீஸ் சிரித்துவிட்டாள். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் அதற்கு அடுத்த கணம்தான் சிரித்தார்கள்.

ஒட்டிலியின் கண் ஒரு தடவை மூன்றாம் வரிசைக்கு வந்துபோனது. அடுத்த பாட்டிலும் இதே நடந்தது. கூட்டம் சிரிப்பதற்கு ஒரு நூல் முன்னால் சாவு வீட்டுச் சட்டை போட்ட ஒருத்தி சிரிக்கிறாள். மூன்றாவது பாட்டிலிருந்து ஒட்டிலி அவளைப் பார்த்தே பாடினாள். பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்துக்கொண்டிருந்தவள் மார்லீஸ். முதல் ஆளாகச் சிரிப்பது எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

நிகழ்ச்சி பாதியைத் தாண்டியபோது ஒட்டிலி பியானோ மூடியின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள். மார்பில் கைகளைக் கோத்தாள், பிணம் போல. முகத்தை மட்டும் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். செத்துப்போன ஒரு பெண் தன் சாவுக்கு வந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டு அது. பக்கத்து வீட்டுக்காரி கேக்கைப் பற்றிக் குறை சொல்கிறாள், மைத்துனன் அலமாரியை அளவெடுக்கிறான், யாரும் இவள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இரண்டாவது பத்தியில் ஒட்டிலியின் முகம் மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது, உதடு அசைந்தது. பக்கத்தில் விப்கே முன்னால் குனிந்தாள். முன் வரிசையில் தலைகள் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. மார்லீசுக்கு ஏன் என்று தெரியவில்லை. அவளைப் பொறுத்தவரை பாட்டு போய்க்கொண்டுதான் இருந்தது.

நடந்தது என்னவென்றால் ஒட்டிலியின் குரல் போய்விட்டது. நான்கு நாளில் நான்காவது மேடை, இருமலோடு பாடிக்கொண்டிருந்தாளாம். குரல் ஒரு தடவை கீறி, பிறகு அடியோடு நின்றது. பியானோக்காரர் நிறுத்தினார், அக்கார்டியனும் நின்றது. பாஸ் வாசித்த பெண் மட்டும், என்ன செய்வதென்று தெரியாமல், ஒரே கம்பியை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டிலி எழுந்து போகவில்லை. படுத்தபடியே, சத்தமில்லாமல், அடுத்த வரியை உதட்டால் சொன்னாள். கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் குடை ஒன்று கீழே விழுந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டதாம்.

அந்த அமைதியில் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராவது அந்தக் காபியை இப்படித் தள்ளி வைங்க. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்."

அது மார்லீஸ். அவளுக்கே தெரியாது. ஆலையில் எதிரில் இருப்பவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துகிற பழக்கம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தில் வாய் அசைந்தது. எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது காது கேளாதவர்களுக்குத் தெரிவதில்லை. கட்டையான, ஏற்ற இறக்கமில்லாத குரல், வல்லின எழுத்தெல்லாம் வெண்ணெயாய்க் குழைகிற அசல் லைப்சிக் பேச்சு. விப்கே அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். மார்லீஸ் திரும்பிப் பார்த்தாள். நானூறு முகமும் தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். பழைய அலுவலக மேசையின் முன் நின்றபோது போல அவள் காதெல்லாம் சூடானது.

எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மேடையைப் பார்த்தாள். பியானோ மேல் படுத்திருந்த ஒட்டிலி ஒரு விரலை மட்டும் தூக்கி அவளைக் காட்டினாள். உதடு மெதுவாகச் சொன்னது: "நிறுத்தாத. நீ சொல்லு."

மார்லீஸ் எழுந்து நின்றாள். போய்விட எழுந்து, பயத்தில் உட்கார மறந்தேன் என்றுதான் பிற்பாடு சொல்வாள். ஒட்டிலி ஒரு வரியை உதட்டில் எழுதினாள், மார்லீஸ் அதைச் சத்தமாகச் சொன்னாள். பாஸ்காரி பிடித்துக்கொண்டாள், இரண்டு வரிக்கு நடுவே தாளத்தை வைத்தாள். பியானோ ஒற்றை விரலில் வந்து சேர்ந்தது. கேக்கைக் குறை சொன்னவளுக்குச் செத்தவள் பதில் சொன்னாள், கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகு வந்தது. அலை போல எழும்பி வந்த அந்தச் சிரிப்பை அவள் கேட்கவில்லை, பார்த்தாள். நானூறு வாய் ஒரே சமயத்தில் திறந்தது. அடுத்த வரிக்கு நானூறும் மூடியது. அலமாரியை அளந்தவன் போனான், எல்லோரும் போனார்கள், கடைசிப் பத்தி வந்தது. ஒட்டிலி எழுந்து உட்கார்ந்து, சுண்ணாம்பு முகத்தை நேராக அவளிடம் நீட்டி, மெல்ல மெல்லச் சொன்னாள்.

மார்லீஸ் அதைப் படித்தாள். பாஸின் தாளம் இரண்டு தடவை சுற்றி வந்தது. பிறகு சொன்னாள்.

"நான் செத்துப் போகல. பதில்தான் சொல்லல. ஏன்னா, நீங்க கேட்டது என்னைத்தான்னு எனக்குத் தெரியல."

பாஸும் நின்றது. யாரும் கை தட்டவில்லை. முன் வரிசையில் இருந்த கொம்புத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக் கூரைக்கு மேல் ஒரு மேகம் போயிற்று, கூடம் கொஞ்சம் மங்கி, மறுபடி வெளிச்சமானது. அப்புறம்தான் கை தட்டல் எழுந்தது. காலாலும் உதைத்தார்கள் போலிருக்கிறது, ஏனென்றால் அது தரை வழியாக முழங்கால் வரை அவளுக்கு ஏறியது. முந்நூறு தறியும் ஒரே சமயம் ஓடினாற்போல இருந்தது என்று சொல்வாள், ஆனால் அது அவளுக்காக ஓடியது.

பாதிப் பேர் இதை முன்கூட்டியே ஏற்பாடு செய்தது என்றே நம்பினார்கள். வெளியே வந்ததும் ஒருவர் அவள் எந்த நாடகக் கம்பெனி என்று விசாரித்தார். விப்கே கோபமும் அழுகையுமாக நின்றாள்.

"பதினோரு வருஷம். ஒரு வார்த்தை சொல்லல நீ."

"கேக்காதுன்னு சொன்னா மந்தம்னு நினைப்பாங்க."

"நானா நினைப்பேன்?" என்று கேட்டுவிட்டு, ஏதோ உறைத்து, வாயைப் பிளந்தாள். "அப்ப ஐலர்ட் இத்தனை வருஷமா உன்கிட்டப் பேசினதெல்லாம்?"

"ஒண்ணும் தெரியாது. தாடில்ல."

விப்கே சுவரில் சாய்ந்து சிரித்தாள். "நீ ஒண்ணும் இழக்கல. எல்லாம் வருமான வரி."

பின்முற்றத்தில் ஒட்டிலி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் இருந்த ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பேசவே கூடாது என்று சொல்லியிருந்தார். முற்றத்தின் எதிர்க் கோடியில் மார்லீசைப் பார்த்ததும் உதட்டாலேயே, எங்கே கற்றாய் என்று கேட்டாள். மார்லீஸ் ஆலையைச் சொன்னாள், அதுவும் உதட்டாலேயே. ஒட்டிலி தன் அம்மா கிரிம்மிட்சாவில் நெசவுக்காரி என்றும், வீட்டில் சத்தமில்லாமல்தான் சண்டை நடக்கும் என்றும், வாயைத் திறந்து பாடக் கற்றது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் என்றும் சொன்னாள். இரண்டு பேரும் முற்றத்தின் இரண்டு கோடியிலும் நின்றபடி முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் பேசினார்கள். நடுவே வாத்தியங்களைச் சுமந்து ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். விப்கே ஒரு தொத்திறைச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. ஒருதரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தபோது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை ஐலர்டை இரண்டு பேர் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். மார்லீஸ் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். காலை இடைவேளையில் காபி ஊற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் அவள் உட்காரவில்லை. அடுப்பைக் கவனிக்கிற ரமோனா பேசத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குக் காது கேக்காது. என்கிட்டப் பேசறதா இருந்தா மூஞ்சியப் பார்த்துப் பேசணும். வாயில கேக்கை வெச்சுட்டுப் பேசக் கூடாது."

சொல்லிவிட்டு அவர்களின் முகத்தைப் படிக்கக் காத்திருந்தாள். ரமோனா வாயில் இருந்ததை விழுங்கினாள். பிறகு நன்றாக நிமிர்ந்து, உதட்டைப் பெரிதாக்கி, சொன்னாள்.

"தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லாம நாங்க எப்படிச் சொல்றது?"

மார்லீசுக்கு முதலில் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷம் தலையாட்டியதெல்லாம் வீணா என்று இருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்காலிகளை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு எல்லோரும் முகம் காட்டி உட்கார்ந்தார்கள், படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி. விடுமுறையில் எங்கே போனாய் என்று யாரோ கேட்டார்கள். ஒரு நிகழ்ச்சிக்குப் போனதாகச் சொன்னாள். என்ன நிகழ்ச்சி என்றார்கள். எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளை முகத்தைச் சொன்னால் போதாது, பியானோ மேல் படுத்ததைச் சொன்னால் போதாது.

"ஒருத்தி வாயைத் திறந்தா. எல்லாம் தெரிஞ்சுது" என்றாள்.

அவர்கள் புரியாமல் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்துவிட்டு எழுந்து, மேசை ஓரத்தில் ஒரு கையை ஊன்றி, பின்கட்டை ஒரு சுற்றுப் பார்த்து, அந்தத் துணி உலர்த்துகிற பாட்டை முதல் வரியிலிருந்து சொல்லிக் காட்டத் தொடங்கினாள்.